சுவரைப் பார்த்து அடித்த வெளிச்சம்

கேமராவைக் கண்டால் எழுந்து போய்விடுகிற வழக்கம் ராமுத்தாய்க்கு இருந்தது. ஆமத்தூரில் எல்லாருக்கும் அது தெரியும். கோயில் பொங்கலாகட்டும், காதுகுத்தாகட்டும், போட்டோக்காரர் பையைத் திறக்கும்போதே, குழம்பைப் பார்க்கிறேன், பிள்ளை அழுகிறது என்று ஏதாவது சொல்லிக்கொண்டு உள்ளே போயிருப்பாள். வலது கன்னத்திலிருந்து கழுத்து வரைக்கும் அவளுக்குத் தீக்காயத் தழும்பு. அதனால்தான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். யாரும் வற்புறுத்தியதில்லை. அந்தப் பக்கத்து ஊர்களில் இப்படி ஒதுங்கிப் போகிறவர்கள் தெருவுக்கு ஒருவராவது உண்டு.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவளுடைய கூடப்பிறந்த தம்பியே போட்டோக்காரன். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஸ்டுடியோ வைத்திருந்த சோலைச்சாமிதான் அது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, பட்டாசுக் கம்பெனி வேனில் விடியுமுன்னே ஏறிப் போய் அவனைப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் அக்கா. அவன் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிய வருஷம்தான் மருந்து கலக்கும் அறையில் தீப்பிடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, காயம் ஆறி, கழுத்து ஓரளவு திரும்ப ஆரம்பித்ததும் அவள் மறுபடி அதே வேனில் ஏறினாள். இந்தத் தடவை லேபிள் ஒட்டுகிற பகுதிக்கு. மதுரையில் ஒரு ஸ்டுடியோவில் தொழில் பழகப் போகலாமா என்று அவன் தயங்கி நின்றபோது, "நீ போலே. இங்கன நான் இருக்கேன்ல" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

ஸ்டுடியோ வைத்த புதிதில், ஒரு பொங்கலன்று, அவன் சொல்லாமல் கொள்ளாமல் அக்காவை ஒரு படம் எடுத்தான். அவள் சோறு பரிமாறக் குனிந்திருந்தாள். பிளாஷ் வெட்டியதும் கரண்டியைப் போட்டுவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு அலறிவிட்டாள். படத்தைக் கழுவிப் பார்த்தபோது சோலைச்சாமிக்கே பகீரென்றது. தழும்புத் தோல் வழவழப்பானது. நேரே விழுந்த வெளிச்சத்தை அப்படியே திருப்பி அடித்திருந்தது. கன்னத்தில் கண்ணாடிச் சில்லை ஒட்டிவைத்ததுபோல ஒரு வெள்ளை மினுக்கம். படத்தை யாருக்கும் காட்டாமல் கிழித்துப் போட்டான். முகத்தில் மினுங்காத வெளிச்சம் ஒன்றைக் கண்டுபிடித்து, அதில் அக்காவை ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்குப் பிடித்துக்கொண்டது.

அதற்கு டிப்யூசர் மாட்ட வேண்டும் என்று மதுரைக் கடைக்காரர் சொன்னார். பால் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் தொப்பி. பிளாஷின் தலையில் கவிழ்த்தால் வெளிச்சம் நாலாபக்கமும் சிதறி மெத்தென்று விழும். ஸ்டுடியோவுக்குள் நன்றாகத்தான் இருந்தது. அதை நம்பி, சூலக்கரைப் பக்கம் ஒரு கோயில் கொடைக்குப் போய், பொழுது சாய்ந்த பிறகு பொட்டலில் நின்று ரோல் ரோலாக எடுத்தான். அத்தனையும் இருட்டு. சிதறிய வெளிச்சம் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பினால்தான் முகத்துக்கு வரும். பொட்டலில் சுவருக்கு எங்கே போவது? வெளிச்சமெல்லாம் வானத்துக்குப் போனது, திட்டெல்லாம் அவனுக்கு வந்தது.

அடுத்தது பட்டர் பேப்பர். சிவகாசியில் அச்சகம் நடத்திய சங்கரலிங்கம் வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு, பிளாஷின் முன்னால் அதை இரண்டு மடிப்பாக ஒட்டிக்கொண்டு போனான். நிழல் மெத்தென்றுதான் விழுந்தது. ஆனால் அந்தத் தாளில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மஞ்சள் இருந்திருக்கிறது. ஆல்பத்தைப் புரட்டிய சங்கரலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஏம்ப்பா சோலை, பொண்ணு மூஞ்சில மஞ்சள் இருந்தா நலங்குன்னு சொல்லிக்கிடலாம். எனக்குமா பூசிவிட்ட? சம்பந்தி இதைப் பாத்தாருன்னா, காமாலைக்கு எங்க வைத்தியம் பாக்கீகன்னு கேப்பாரு."

சோலைச்சாமி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். அவர் திட்டவில்லை. சிரித்து முடித்துவிட்டு, உள்ளே போய் ஒரு சுருள் வெள்ளைத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். "லேபிள் பிலிமுக்கு அடியில வச்சு கலர் பாக்குற தாளு. இதுல நெறம் மாறவே மாறாது. மாறுச்சுன்னா எங்க பொழப்பே போச்சு." அந்தத் தாள் அவனிடம் வருஷக்கணக்கில் இருந்தது. சங்கரலிங்கத்தின் பேச்சு எடுத்தால் சோலைச்சாமி அதைத்தான் முதலில் சொல்வான்.

மெதுவாக அவனுக்குப் பிடிபட்டது. உச்சி வெயிலில் நிற்கிறவனுக்கு மூக்குக்குக் கீழே கரிக்கோடு மாதிரி நிழல் விழும். மேகம் மூடிவிட்டால் அதே ஆளுக்கு அந்த நிழலே இருக்காது. சூரியன் சின்னதாக ஓர் இடத்திலிருந்து குத்துகிறது. மேகமோ வானம் முழுவதையும் விளக்காக்கிவிடுகிறது. தாளும் அப்படித்தான். பிளாஷோடு ஒட்டவைத்தால் பெரிய லாபமில்லை. அகலமாகப் பிடிக்க வேண்டும், ஆளுக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். வெளிச்சம் குறைந்துபோகும், அதற்குத் தகுந்தபடி லென்ஸின் துவாரத்தை அகலமாகத் திறந்துகொள்ள வேண்டும். இரண்டாயிரத்து ஆறில் டிஜிட்டல் கேமரா வாங்கியதும் எடுத்தவுடனே பார்த்துத் திருத்திக்கொள்ள முடிந்தது.

வாடிக்கைக்காரர்களுக்கு மட்டும் இது லேசில் பிடிக்கவில்லை. முகம் பளிச்சென்று சுண்ணாம்படித்த மாதிரி இருந்தால்தான் கொடுத்த காசுக்குப் படம். "டல்லா இருக்கே தம்பி" என்பார்கள். பளிச்சென்று வேண்டியவர்கள் ஏழாயிரம்பண்ணை முத்துப்பாண்டியிடம் போனார்கள். அவன் பிளாஷை நெற்றிக்கு நேரே நீட்டி அடிக்கிறவன். "இருட்டுல உக்காந்து எடுக்கதுக்கு எதுக்குண்ணே பிளாஷு? ஒரு மெழுகுவர்த்தி வாங்கிக்கிடுங்க" என்று சோலைச்சாமியைக் கல்யாண வீடுகளில் பார்க்கும்போதெல்லாம் சீண்டுவான்.

இரண்டாயிரத்து ஏழு ஆவணியில் ராமுத்தாயின் மகள் மாரிசெல்விக்குக் கல்யாணம் முடிவானது. மாப்பிள்ளைக்கு ஏழாயிரம்பண்ணை. மண்டபம் பெண் வீட்டார் பொறுப்பு, போட்டோ மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு என்று பேசிக்கொண்டார்கள். அவர்கள் பிடித்தது முத்துப்பாண்டியை. சோலைச்சாமிக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. தாய்மாமன் மேடையில் நிற்க வேண்டியவன். மாலையைக் கையில் வைத்துக்கொண்டு கேமராவையும் பிடிக்க முடியாது.

ஒரு மத்தியானம் மாரிசெல்வி ஸ்டுடியோவுக்கு வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து, துப்பட்டாவின் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"மாமா, அம்மா மேடைக்கு வரமாட்டாகளாம்."

"யாரு சொன்னா?"

"அவகதான். கையப் புடிச்சுக் குடுக்குறத பெரியம்மாவும் பெரியப்பாவும் செய்யட்டும், நான் பந்தியப் பாத்துக்கிடுறேன்னு சொல்றாக. அப்பாவும் ஒண்ணும் பேச மாட்டேங்காக. பந்தி பாக்குறதுக்கு ஆளா இல்ல மாமா? என்னை வளத்தது பெரியம்மாவா?" அழக்கூடாது என்று பல்லைக் கடித்திருந்தாள். "எனக்கு ஆல்பமே வேண்டாம்னு சொல்லிட்டேன். அப்பவும் வரமாட்டாகளாம். சொந்தக்காரங்க ஆளாளுக்குச் சின்னச் சின்னக் கேமரா வச்சிருக்காகன்னு அதுக்கொரு பதிலு."

அன்று சாயங்காலமே சோலைச்சாமி அக்கா வீட்டுக்குப் போனான். கையில் கேமராவும், தான் மெத்தென்ற வெளிச்சத்தில் எடுத்த கல்யாணப் படங்களும். ராமுத்தாய் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் கணவர் பெத்தணன் லாரி ஷெட்டிலிருந்து இன்னும் வரவில்லை. படங்களை ஒவ்வொன்றாக அவள் முன்னால் பரப்பினான்.

"இதைப் பாருக்கா. இந்த அம்மா நெத்தில எம்புட்டுப் பெரிய வெட்டுத் தழும்பு தெரியுமா? படத்துல மினுங்குதா பாரு. முத்துப்பாண்டிகிட்ட நான் பேசிக்கிடுறேன். ஒன் தழும்பும் இதே மாதிரி..."

ராமுத்தாய் சிரித்துவிட்டாள். கீரைக்காம்பை அவன் மேல் எறிந்தாள்.

"ஏலே கூறுகெட்டவனே. தழும்பு தெரிஞ்சா எனக்கென்னலே? இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத்தான சந்தைக்குப் போறேன், சூலக்கரை கலெக்டர் ஆபீசு வரைக்கும் மனுவத் தூக்கிட்டுப் போறேன். எவனுக்காவது மறைச்சனா?"

"அப்புறம் என்னத்துக்குக்கா ஓடுற?"

அவள் கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அன்னைக்கு மொதல்ல சத்தம் கேக்கலலே. வெளிச்சம்தான். கண்ணு முன்னால வெள்ளையா ஒண்ணு வெட்டுச்சு. அம்புட்டுத்தான் தெரியும். சத்தம், சூடு எல்லாம் அதுக்குப் பெறகுதான். ஒன் பெட்டி அடிக்குதுல்ல, அது அதே வெள்ளை. அது வெட்டுனா அடுத்து என்ன வரும்னு ஒடம்பு காத்துக்கிட்டு நிக்கும். இது போட்டோதான்னு புத்திக்குத் தெரியுது. ஒடம்புக்குத் தெரிய மாட்டேங்குது. மேடையில அத்தன பேரு முன்னால நான் அலறுனா பிள்ள கல்யாணம் என்ன ஆகும்?"

"இத்தன வருசமா ஏங்கா சொல்லல?"

"பட்டாசுலயே சோறு திங்குற ஊருல, வெளிச்சத்துக்குப் பயமா இருக்குன்னு சொல்லச் சொல்லுதியா? மூஞ்சிக்கு வெக்கப்படுதான்னு நெனைச்சுக்கிட்டாக. அதுவே மேல்னு விட்டுட்டேன்."

அந்தப் பொங்கலன்று அக்கா அலறியது படம் கழுவுவதற்கு முந்தி என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. படத்தில் மினுக்கம் இருந்ததா இல்லையா என்று அவள் பார்க்கவே இல்லை. இத்தனை தாளும் தொப்பியும் அவன் தேடியது படம் பார்க்கிறவர்களின் கண்ணுக்காக. படத்தில் நிற்கிறவளின் கண்ணை அவன் நினைத்ததே இல்லை. முகத்துக்கு நேரே எந்தத் தாளை ஒட்டினாலும் வெட்டு வெட்டுதான். கொஞ்சம் மங்கலாக வெட்டும், அவ்வளவே.

வீட்டுச் சுவருக்கு அந்த வருஷம்தான் வெள்ளையடித்திருந்தார்கள். சோலைச்சாமி கேமராவிலிருந்து பிளாஷைக் கழற்றினான். வெளிச்சம் உமிழும் முகத்தை அக்காவுக்கு எதிர்ப்பக்கம், தனக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்க்கத் திருப்பினான். பிளாஷின் முதுகில் சோதித்துப் பார்ப்பதற்கென்று ஒரு சின்னப் பொத்தான் உண்டு.

"இந்தா, நீயே புடி. நீ அமுக்குனாத்தான் வெட்டும். அமுக்காட்டி ஒண்ணும் ஆகாது. சொவத்தப் பாத்துப் புடிச்சுக்கோ."

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வெகு நேரம் அமுக்கவில்லை. அவனும் அவசரப்படுத்தவில்லை. பக்கத்து வீட்டு ஆடு வந்து கீரையில் வாய் வைத்தது. அதை விரட்டிவிட்டு, விரட்டிய சூட்டிலேயே அமுக்கிவிட்டாள். சுவர் முழுக்க ஒரு தடவை வெளுத்து அடங்கியது. அவள் தோள் குலுங்கியது. ஆனால் பிளாஷைக் கீழே போடவில்லை.

"எப்பிடி இருந்துச்சுக்கா?"

"இரு." மறுபடி அமுக்கினாள். மறுபடியும். "கதவத் தெறந்தாப்ல இருக்குலே. வெட்டுன மாதிரி இல்ல."

கல்யாணத்துக்கு முந்திய நாட்களில் பொழுது சாய அவன் போவதும், அவள் சுவரைப் பார்த்து அமுக்குவதும் வாடிக்கையானது. அப்புறம் அவன் அமுக்கினான், ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லிவிட்டு. பிறகு சொல்லாமல். சொல்லாமல் அடித்த முதல் தடவை எழுந்து உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே வந்து உட்கார்ந்து, "அடி" என்றாள்.

மண்டபம்தான் அடுத்த தலைவலி. கூரை எட்டாத உயரத்தில் ஆஸ்பெஸ்டாஸ், சுவர்களுக்குக் கிளிப்பச்சை. அதில் வெளிச்சத்தைத் திருப்பி அடித்தால் மணமக்கள் பச்சைப் பாம்பு நிறத்தில் நிற்பார்கள். எனவே போட்டோக்காரர் நிற்கும் இடத்துக்குப் பின்னால் வெள்ளைத் துணி கட்ட முடிவு செய்தான். சலவைக்குப் போட்டு வந்த வேட்டிகளை இணைத்துக் கட்டிப் பார்த்தான். சோதனைக்கு மேடையில் நிறுத்திய சமையல்காரர் முகம் நீலம் பாரித்து வந்தது. வேட்டிக்கு வெளுப்பு வரத் தாராளமாக நீலம் போட்டிருந்தார்கள். சமையல்காரர் கேமராத் திரையில் தன்னைப் பார்த்துவிட்டு, "உசுரோட இருக்கேன்னு நாலு பேருக்குச் சொல்லிப்புடுங்க தம்பி" என்றார். நீலம் படாத புது மல்துணி வாங்கிவர விருதுநகருக்கு ஓடினான்.

முத்துப்பாண்டி கல்யாணத்துக்கு முந்தின நாள் பையோடு வந்திறங்கினான். மூங்கிலில் கட்டியிருந்த அகலத் துணியைப் பார்த்ததும் தொடையைத் தட்டிச் சிரித்தான்.

"என்னண்ணே, படம் போடப் போறீகளா? டிக்கெட்டு எங்க குடுக்காக?"

"பிளாஷ இதுல திருப்பி அடிக்கணும்ப்பா. நேர அடிக்கக்கூடாது."

"வெளிச்சம் பாதி கூட வராது. பேட்டரியக் குடிச்சுப்புடும். எங்க ஆளுக டல்லா இருக்குன்னு என்னைத்தான் ஏசுவாக. இது ஒங்க ஸ்டைலுண்ணே. என் கையில திணிக்காதீக."

சோலைச்சாமி அவனை மண்டபத்துப் பின்பக்கம் கூட்டிப்போய், அக்கா சொன்னதை அவள் சொன்ன மாதிரியே சொன்னான். சத்தம் முதலில் வரவில்லை, வெளிச்சம்தான் வந்தது என்ற இடத்தில் முத்துப்பாண்டியின் சிரிப்பு நின்றுவிட்டது. அதுவும் பட்டாசு ஊர்தான், ஏழாயிரம்பண்ணையில் பிறந்தவனுக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. தரையைக் காலால் கீறிக்கொண்டு நின்றான்.

"நான் இதுவரைக்கும் எத்தன பேரு கண்ணுல நேர அடிச்சிருப்பேன்..." என்று தொடங்கியவன் முடிக்கவில்லை. பிறகு, "ஒங்க பேட்டரி எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க. இன்னொரு பிளாஷ் இருந்தா அதுவும்" என்றான்.

முகூர்த்தம் விடிந்ததும் விடியாததுமாக. மண்டபத்தில் குழல்விளக்கு வெளிச்சம் மட்டும்தான். சோலைச்சாமி பட்டுக்கரை வேட்டியில், கையில் மாலையோடு, மேடையில் நின்றான். வருஷக்கணக்கில் மேடைக்கு எதிரே நின்றவனுக்கு இங்கிருந்து பார்க்க எல்லாம் வேறாக இருந்தது. வெளிச்சம் எப்படி விழுகிறதென்று பார்ப்பதா, அக்காவைப் பார்ப்பதா என்று தெரியவில்லை.

பெண்ணின் பெற்றோரைக் கூப்பிட்டார்கள். பெத்தணன் வந்து நின்றார். பந்திக் கூடத்திலிருந்து ராமுத்தாய் வந்தாள். அரக்குச் சேலை, தலை நிறையப் பூ. முந்தானையால் கழுத்தை மூடிக்கொள்ளவில்லை. மேடையேறி, எதிரே துணியைப் பார்த்து, ஒரு மூச்சு இழுத்து விட்டாள். மகளின் கையைத் தன் கையில் எடுத்தாள். துணி வெளுத்து அடங்கியது. அவள் அசையவில்லை.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளைக்குச் சித்தப்பா முறையுள்ள ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்கு நேரே வந்து, கைக்குள் அடங்குகிற சின்னக் கேமராவை உயர்த்தினார். சோலைச்சாமியால் மாலையைப் போட்டுவிட்டுக் குதிக்கவும் முடியாது.

"யோவ் மாமா! அதை எறக்குங்க!" முத்துப்பாண்டி போட்ட சத்தத்தில் மேளக்காரரே ஒரு நொடி நிறுத்திவிட்டார். முத்துப்பாண்டி பாய்ந்து போய், தன் முதுகை அவருக்கும் மேடைக்கும் நடுவே வைத்தான்.

"ஏன்டா, எங்க வீட்டுக் கல்யாணத்துல நான் ஒரு படம் எடுக்கக்கூடாதா?"

"ஆயிரம் எடுங்க. பெறகு நானே ஒங்களச் சிங்கம் மாதிரி எடுத்துத் தாரேன். இப்ப எறக்குங்க." பேசிக்கொண்டே, திரும்பாமலே, பின்கையால் சித்தப்பாவின் கேமரா பிளாஷைப் பொத்திக்கொண்டு, மறு கையால் தன் கேமராவை முகத்துக்குத் தூக்கினான். ராமுத்தாய் மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்தாள். துணி இன்னொரு தடவை வெளுத்தது.

ஆல்பம் வந்த அன்று ராமுத்தாய் வீட்டில் கூடியிருந்தார்கள். அந்தப் படத்தை ராமுத்தாய் மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள். தழும்பு இருந்தது. கன்னத்தின் மற்ற பாகங்களைப் போல அதுவும் அவள் முகத்தில் ஒரு பாகமாக இருந்தது. நிழல் மெத்தென்று கழுத்தில் இறங்கியிருந்தது. மகளையும் மாப்பிள்ளையையும் தாண்டி, கண்ணை அகலத் திறந்து நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் மாலையோடு நின்ற தாய்மாமனின் கண்கள்தான் இறுக மூடியிருந்தன.

"எல்லாரும் இவனப் பாருங்க" என்றாள் ராமுத்தாய். "ஊரையெல்லாம் கண்ணச் சிமிட்டாதீகன்னு வெரட்டுவான். இவன் நிக்குற நிலையப் பாரு, கழுதை!"

"அன்னைக்குப் புகையா இருந்துச்சுக்கா."

"ஓமம் வளக்காத கல்யாணத்துல ஏதுலே புகை?"

வீடே சிரித்தது. மாரிசெல்வி மட்டும் சிரிக்காமல் அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

அதன் பிறகு ராமுத்தாய் இரண்டு வருஷம் இருந்தாள். பேரன் பிறந்தான், அவனுக்கு மொட்டை போட்டார்கள், காது குத்தினார்கள். எல்லாப் படங்களிலும் அவள் இருக்கிறாள், சிலவற்றில் நடுவில். நெஞ்சுச் சளி முற்றி அவள் போன அன்று, வீட்டில் வைக்கப் படம் வேண்டுமே என்று யாரும் தேடி அலையவில்லை. சோலைச்சாமி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, எதைத் திறப்பது என்று தெரியாமல் இருந்தபோது, ஏழாயிரம்பண்ணையிலிருந்து முதல் பஸ்ஸில் முத்துப்பாண்டி வந்துவிட்டான். பிரேம் போட்டுக் கையோடு கொண்டுவந்திருந்தான். மேடையில் எடுத்த படத்திலிருந்து ராமுத்தாயை மட்டும் பெரிதாக்கியது.

இருவரும் அதை நாற்காலியில் சாய்த்து வைத்தார்கள். முத்துப்பாண்டி இரண்டடி பின்னால் தள்ளி நின்று பார்த்தான்.

"அக்கா நம்மளத்தான் பாக்காக, இல்லண்ணே?"

சோலைச்சாமி முத்துப்பாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டான். வெளியே ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராகப் படத்தின் முன்னால் நின்று, அவள் கண்ணைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.